டிஸ்க்குக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமில்லை, டீச்சர்

டீச்சர், புது விண்டோஸ் லைசென்ஸுக்குக் கடையில் கேட்கும் அந்த 280 வெள்ளியை (ரிங்கிட்) இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்களிடம் லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துப் போடத் தெரியாமல் கடைக்காரர் இன்னொன்றை விற்கப் பார்க்கிறார்.

நீங்கள் எழுதியதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கோலாலம்பூர் செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாலு வருஷத்து லேப்டாப், வாங்கும்போதே விண்டோஸோடு வந்தது. போன வாரம் உள்ளே இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் திடீரென்று போய்விட்டது. கடையில் 1 டிபி போட்டு, விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரையின் வலது கீழ் மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலான எழுத்து. கேட்டதற்கு, "பழைய டிஸ்க்கோட லைசென்ஸும் போயிருச்சு டீச்சர், புதுசாத்தான் வாங்கணும்" என்கிறார்கள். லேப்டாப்பின் அடியில் தேடினால் லைசென்ஸ் கீ எழுதிய ஸ்டிக்கரும் இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள்: மேலே "விண்டோஸ் 11 ப்ரோ", கீழே சி004எஃப்213 என்று முடிகிற பிழை எண்.

அந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது. அதற்கு முன் லைசென்ஸ் எங்கே குடியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் அந்த 25 எழுத்துக் கீயை மதர்போர்டில் (எல்லாப் பாகமும் பூட்டியிருக்கும் பெரிய பலகை) இருக்கும், கணினியை எழுப்பிவிடும் பயாஸ் சிப்பிலேயே தொழிற்சாலையில் எழுதிவிடுகிறார்கள். உங்களுக்கு ஸ்டிக்கர் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் ஸ்டிக்கர் இருக்கும். மடியில் வைத்து வைத்துத் தேய்ந்து, அது 8ஆ 'பி'யா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் கண் நொந்திருக்கிறேன். கீயில் இரண்டுமே வரும் என்பதால் ஊகிக்கவும் முடியாது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இதற்கு மேல் இன்னோர் ஏற்பாடும் சேர்ந்தது. ஒரு கணினி முதல் தடவை ஆக்டிவேட் ஆகும்போது, அதன் பாகங்களை வைத்து ஓர் அடையாளத்தை உண்டாக்கி மைக்ரோசாப்டின் சர்வரில் பதிந்துகொள்கிறார்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்பது இதுதான். அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்குத்தான் கனம் அதிகம். டிஸ்க்கை மட்டும் மாற்றினால் சர்வர் வழக்கமாக அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காடிக்கு டயர் மாற்றினால் ஜேபிஜேவுக்கு (சாலைப் போக்குவரத்து இலாகா) போய்ப் புதுக் கிராண்ட் (வண்டிப் பதிவுச் சான்று) எடுப்போமா? சேசிஸ் நம்பர் அதேதானே இருக்கிறது. இங்கே சேசிஸ் என்பது மதர்போர்டு.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஞாபகத்தில் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. 2001இல் வந்த எக்ஸ்பி 10 விஷயங்களைக் கணக்கில் எடுத்தது. அதில் டிஸ்க் சம்பந்தப்பட்டது மட்டும் இரண்டு. கூடவே ரேம், நெட்வொர்க் கார்டு என்று நாலைந்தை மாற்றிவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். குறித்த நாளுக்குள் செய்யாவிட்டால் உள்ளே நுழையவே விடாது. அந்தப் பயம் ஒரு தலைமுறைக் கடைக்காரர்களின் ரத்தத்தில் ஊறிவிட்டது.

இப்போது அந்தக் கெடுபிடி இல்லை என்பதால் நீங்கள் பதற வேண்டாம். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் 11 வேலை செய்யும், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். செட்டிங்ஸ் வழியாகப் பின்புலப் படம், நிறம் மாற்ற விடாது, மூலையில் அந்த எழுத்து நிற்கும், அவ்வளவுதான். நாளைக் காலை வகுப்புக்கு ஸ்லைடு போட்டுக்காட்ட அது தடையில்லை.

சரி, லைசென்ஸ் பலகையிலேயே இருந்தால் ஏன் ஆக்டிவேட் ஆகவில்லை? படத்தைப் பாருங்கள்: "ப்ரோ". வாங்கிய ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதற்கு "ஹோம் எஸ்எல்" என்று பதில் போட்டிருந்தீர்கள். எஸ்எல் என்றால் சிங்கிள் லாங்குவேஜ். நம் பக்கம் விற்கும் வீட்டு லேப்டாப்களில் இந்தப் பதிப்பைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் சிப்பில் இருக்கிற கீ ஹோம் சிங்கிள் லாங்குவேஜுக்கான கீ. கடைக்காரர் கையில் இருந்த யுஎஸ்பியில் ப்ரோ இருந்திருக்கும், எல்லார் மெஷினுக்கும் அதையே ஏற்றிப் பழகியிருப்பார். ப்ரோ எழுந்து, தனக்கான கீயைத் தேடி, கிடைக்காமல், "இந்தக் கருவியில் கீ எதுவும் காணவில்லை" என்கிறது. சி004எஃப்213 என்பதற்கு அர்த்தம் அதுதான். இதே இடத்தில் எஃப்211 என்று முடிந்திருந்தால், "பாகங்கள் மாறியிருக்கின்றன" என்று அர்த்தம். அப்போது மதர்போர்டை மாற்றினார்களா என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன். ஓர் எழுத்து வித்தியாசத்தில் கதையே வேறு. அதனால்தான் பிழை எண்ணை முழுதாக அனுப்பச் சொல்லி எல்லாரையும் நச்சரிக்கிறேன்.

இந்தக் குழியில் நானும் விழுந்தவன். 2016இல் கிள்ளானில் இருக்கும் மச்சான் வீட்டுக் கணினிக்கு டிஸ்க் மாற்றினேன். அது விண்டோஸ் 7 புரொபெஷனலிலிருந்து இலவசமாக 10 ப்ரோவுக்கு ஏறிய மெஷின். நான் ஹோமை ஏற்றிவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ப்ரோவை ஏற்றினேன். காபி ஆறுவதற்குள் ஆக்டிவேட் ஆகிவிட்டது. அன்றிலிருந்து டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பதிப்பின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவேன்.

இனி செய்ய வேண்டியது. ப்ரோவிலிருந்து ஹோமுக்குக் கீயை மட்டும் மாற்றி இறங்க முடியாது. ஹோமிலிருந்து ப்ரோவுக்கு ஏறலாம், இறங்குவதற்குப் படி கிடையாது. ஆகவே மறுபடி புதிதாக ஏற்றத்தான் வேண்டும். புது டிஸ்க்தானே, இழக்க ஒன்றுமில்லை. இந்த நாலைந்து நாளில் ஏதாவது செய்து வைத்திருந்தால் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கே திரும்பப் போவதும் ஒரு வழி. "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் ஏற்றிக் கொடுங்க, கீ பயாஸ்ல இருக்கு" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் முகத்தில் தெரியும். மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் சந்தேகம் தீர வேண்டுமானால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் ஷோகீபிளஸ் என்ற சின்னச் செயலி இருக்கிறது. திறந்தால் சிப்பில் எழுதியிருக்கும் கீயையும், அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும் காட்டும். அந்தக் கீயை மட்டும் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

இன்னொரு நல்ல கணினியில் உட்கார்ந்து, மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் எழுதச் சொல்லுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதை லேப்டாப்பில் செருகி, ஆன் செய்யும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப். அந்த இன்ஸ்டாலர் சிப்பில் இருக்கும் கீயைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலேயே சரியானதை எடுத்துக்கொள்ளும். ஒருவேளை கீ கேட்டால், கீ இல்லை என்ற வரியை அழுத்திவிட்டு, பட்டியலில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜைத் தேர்ந்தெடுங்கள். சும்மா "ஹோம்" என்று இன்னொன்றும் அதே பட்டியலில் இருக்கும். அது வேறு, அதைத் தொட்டால் மறுபடி பழைய கதைதான்.

நடுவில் இரண்டு இடத்தில் சிக்கலாம். டிஸ்க்கே இல்லை என்று இன்ஸ்டாலர் சொன்னால் பயப்பட வேண்டாம். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த சில லேப்டாப்களில் டிஸ்க்கைக் காட்ட தனி டிரைவர் கேட்கும். உங்கள் மாடலின் பெயரைப் போட்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கி, அதே பென்டிரைவில் வைத்து, இன்ஸ்டாலரில் டிரைவரை ஏற்றும் வரியை அழுத்தி அதைக் காட்டினால் போதும். இன்னொன்று வைஃபை. புதிதாக ஏற்றிய விண்டோஸுக்கு உங்கள் வைஃபை கார்டைத் தெரியாமல் போகலாம், ஹோம் பதிப்போ இணையம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அப்போது கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங்கைப் போட்டுவிடுங்கள். கேபிள் வழி இணையம் வந்துவிடும்.

செட்டிங்ஸில் நேர மண்டலம் இருக்கும் இடத்தில் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சேர்ந்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள், தேதியையும் ஒருமுறை பாருங்கள். பயாஸ் பேட்டரி செத்துத் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்ட மெஷின்களில், லைசென்ஸ் சரியாக இருந்தும் ஆக்டிவேட் ஆகாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் தப்பாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பாகப் பேச முடியாது, அதுதான் காரணம்.

ஏற்றி முடித்து இணையம் கிடைத்ததும், பெரும்பாலும் நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே ஆக்டிவேட் ஆகிவிடும். உறுதி செய்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒன்று. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் எஸ், எல், அப்புறம் எம்ஜிஆர், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி எக்ஸ், பி, ஆர். ஸ்ரீலங்காவில் பிறந்த எம்ஜிஆர் என்று நினைவு வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது.

அந்த வரிக்குப் பதில் ஒரு தேதி வந்தால் மட்டும் கவனமாக இருங்கள். கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள் மொத்தமாக வாங்கும் லைசென்ஸில் ஒரு முறை இருக்கிறது: கணினி தன் நிறுவனத்தின் சர்வரை 180 நாளுக்குள் ஒரு தடவையாவது பார்த்துப் பேச வேண்டும். அந்த முறையைப் போலியாக நடத்திக்காட்டும் கள்ளச் செயலிகள் உண்டு. வீட்டு லேப்டாப்பில் ஆறு மாதத்துத் தேதியோ, 2038ஆம் ஆண்டு என்றோ வந்தால், யாரோ அந்தக் கள்ளச் செயலியை ஓடவிட்டிருக்கிறார்கள். அதை ஓடவிடுவதற்காக வைரஸ் தடுப்பை நிறுத்தியும் வைத்திருப்பார்கள். நீங்கள் 280 வெள்ளி கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதும் இதுவாக இருக்கலாம். இணையத்தில் 20, 30 வெள்ளிக்கு விற்கும் கீகளின் கதையும் இதை ஒட்டியதுதான்: ஏதோ நிறுவனத்தின் மொத்த லைசென்ஸிலிருந்து கசிந்தவை நிறைய, என்றைக்கு முடக்குவார்கள் என்று தெரியாது. காசு வாங்கிக்கொண்டு போலியைக் கொடுத்த கடை என்றால், நம் நாட்டில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

மதர்போர்டும் மாறியிருந்தால் பதிலும் மாறும். கோலாலம்பூரில் பின்னேரத்து இடி மின்னலுக்குப் பலகையைப் பறிகொடுத்தவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் பலகையோடு பிறந்து பலகையோடு சாகும். தயாரிப்பாளரின் சேவை மையத்தில் மாற்றினால் புதுப் பலகையில் கீயை எழுதிக் கொடுப்பது வழக்கம், வாங்கும்போதே அதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வெளிக்கடையில் பழைய பலகை வாங்கிப் போட்டால், அதில் ஏற்கெனவே வேறு யாருடைய கீயாவது இருக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் மட்டும்தான் ஒரு கணினியை விட்டு இன்னொன்றுக்குக் கூடவே வரும்.

எப்படியிருந்தாலும், ஆக்டிவேட் ஆன கையோடு லைசென்ஸை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வையுங்கள். 2016இலிருந்து இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் சரி. இதில் ஆசிரியர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டெலிமா கணக்கை வேர்டிலும் ஒன்டிரைவிலும் போட்டுவிட்டு, "கணக்கு இணைச்சாச்சே" என்று இருந்துவிடுவார்கள். அது கல்வி அமைச்சு கொடுத்த பள்ளிக் கணக்கு, லைசென்ஸை அதோடு கட்ட முடியாது. சொந்தக் கணக்குத்தான் வேண்டும். உங்கள் ஜிமெயில் முகவரியை வைத்தே மைக்ரோசாப்ட் கணக்கு தொடங்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு லைசென்ஸை விட இதுதான் உறுத்துகிறது. பழைய டிஸ்க் எங்கே? ஆண்டு 4 கேள்வித்தாள், நாலு வருஷப் பாடக்குறிப்பு எல்லாம் அதில்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டு வாங்கினீர்களா என்று எழுதவில்லை.

சத்தம் போட்டு எச்சரிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் போல அல்ல எஸ்எஸ்டி, சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஆனாலும் போனது போலத் தெரிவதெல்லாம் முழுதாகச் செத்தது இல்லை. லோ யாட் பிளாசாவில் எந்த மாடியில் கேட்டாலும் யுஎஸ்பி டிஸ்க் பெட்டி கிடைக்கும். எஸ்எஸ்டியை இணைக்கும் வகை இரண்டு உண்டு; உங்களுடையது என்விஎம்இயா சாட்டாவா என்று டிஸ்க்கின் மேல் எழுதியிருப்பதைக் காட்டி, பொருந்துகிறதையே வாங்குங்கள். அதில் போட்டு மாட்டி, கணினிக்குத் தெரிந்தால் உடனே முக்கியமானதை மட்டும் நகலெடுங்கள்.

அப்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால் திகைக்காதீர்கள். இந்தக் காலத்து லேப்டாப்களில் ஹோம் பதிப்பாக இருந்தாலும், மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்ததும் டிஸ்க்கைத் தானாகப் பூட்டிவிடுவது உண்டு. பிட்லாக்கர் என்பார்கள். சாவி அந்தக் கணக்கிலேயே, அந்தக் கணினியின் பெயருக்குக் கீழே பத்திரமாக இருக்கும். யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி. லேப்டாப்பை முதல் நாள் திறந்து எல்லாம் செய்து கொடுத்தது மகன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சாவி அவன் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம், அவனையே நுழைந்து பார்த்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவன் பழைய கணினிகளின் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று இந்த லேப்டாப்பை நீக்கிவிடுவதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். கடைக்கும் நாளைக்கே போய்ப் பழைய டிஸ்க்கைக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பின் உறுப்பு, அது உங்கள் பொருள்.